பெட்டியா, துணியா? இடைக்காலப் புதைகுழியை எலும்பை வைத்துப் படிப்பது எப்படி

[காட்சி: தேவாலயக் கோபுரம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம்]

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஹம்பர் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் ஊர் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர். அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தில் 1978 முதல் 1984 வரை நடந்த அகழாய்வில் சுமார் 2,800 பேரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 10ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அந்த ஊரில் வாழ்ந்து இறந்தவர்கள்.

பானை, ஆயுதம், அணிகலன் என்று எதையும் இந்தக் குழிகளில் எதிர்பார்க்க முடியாது. தலை மேற்கே, கால் கிழக்கே, மல்லாந்த உடல்: இடைக்காலக் கிறிஸ்தவ அடக்கம் பெரும்பாலும் அவ்வளவுதான். மரமும் துணியும் மக்கிப்போன பிறகு, பெட்டியில் வைத்தார்களா, துணியில் சுற்றிப் புதைத்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

[காட்சி: முழங்கால், மிக நெருக்கத்தில்]

முழங்கால் சில்லைப் பாருங்கள். தசைநார் அழுகியதும் அதற்குப் பிடிமானம் போய்விடும். பெட்டிக்குள் வெற்றிடம் இருந்தால் சில்லு பக்கவாட்டில் உருண்டு விழும். இடுப்பெலும்புகள் இரண்டும் விரிந்து சாயும், தாடை கழன்று இறங்கும். உடல் மேல் நேரடியாக மண் தள்ளியிருந்தால், சதை கரையக் கரைய மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில்லு இருந்த இடத்திலேயே நிற்கும். தோள்கள் மேலே ஏறி, முழங்கால்களும் கணுக்கால்களும் ஒட்டிக் கிடந்தால் இறுகச் சுற்றிய சவத்துணி. மண்டையோட்டில் சின்னப் பச்சைக் கறை தெரிந்தால், அங்கே துணியைச் சேர்த்துக் குத்திய செம்புக் கலவை ஊசி இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு எலும்பை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குழி குறுகலாக இருந்தாலும் தோள் ஒடுங்கும்; துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பதும் உண்டு. ஆணிகள் இன்னும் மோசமாக ஏமாற்றும். பழைய குழியை வெட்டிப் புதுக்குழி தோண்டும்போது பழைய ஆணிகள் மண்ணோடு கலந்து வந்துவிடும். உடலைச் சுற்றி வரிசையாக நிற்கும் ஆணிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆணி இல்லை என்பதற்காகப் பெட்டியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மர முளை அடித்துச் செய்த பெட்டிகளும் உண்டு. பார்ட்டனில் நிலத்தடி ஈரம் சில பெட்டிகளின் மரத்தையே காப்பாற்றித் தந்தது, பெரிய அதிர்ஷ்டம்.

[காட்சி: மரக்குச்சி, மென்தூரிகை, வரைபடப் பலகை]

அதனால்தான் தோண்டும்போது அவசரமே கூடாது. திரும்பத் திரும்பக் கிளறிய மண் என்பதால் குழியின் விளிம்பு எளிதில் தெரியாது. பல நேரம் முதலில் தட்டுப்படுவது மண்டையோடுதான். எலும்பைச் சுற்றி இரும்புக் கரணை வேண்டாம், மரக்குச்சி போதும். சில்லு, கை, பாதம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, படம் எடுத்து, தலை, இடுப்பு, பாதம் ஆகியவற்றின் மட்டத்தைக் குறித்த பிறகே எலும்பைத் தூக்க வேண்டும். இடது கை, வலது கை எலும்புகள் தனித்தனிப் பைகளில். இடுப்புக்குழி மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்: சிறுநீரகக் கல், குடற்புழு முட்டை, சில சமயம் கருவின் எலும்புகூட அதில்தான் இருக்கும். எலும்பை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். பல்லை அழுத்தித் தேய்த்தால் அதில் படிந்திருக்கும், ஆய்வுக்குத் தேவையான பற்காரை உதிர்ந்துபோகும்.

கார்பன் முறையில் காலம் கணிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடல்மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பில் கடலின் பழைய கார்பன் சேர்ந்திருக்கும். உண்மையான காலத்தைவிட முந்தையது போலக் காட்டும். அதே எலும்பின் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களை) அளந்து, உணவில் கடல்மீனின் பங்கைக் கணித்து, அதற்கேற்பக் காலத்தைத் திருத்த வேண்டும்.