வர்ஜீனியா வுல்ஃப்: ஏறிய மேடைகளும் ஏற மறுத்த மேடைகளும்

வணக்கம் நேயர்களே.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று பிபிசி வானொலியில் ஐம்பத்தைந்து வயதான ஒரு பெண் எழுத்தாளர் பேசினார். சொற்களைப் பற்றிய பேச்சு அது. சொற்கள் அகராதியில் குடியிருப்பதில்லை, மனித மனத்தில்தான் திரிகின்றன, அவற்றைக் கட்டிவைத்து வேலை வாங்க முடியாது என்று சொல்லிக்கொண்டே போனார். முழுப் பேச்சும் இன்று ஒலிவடிவில் இல்லை. ஏறத்தாழ எட்டு நிமிடம் தங்கியிருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃபின் குரல் என்று உலகத்தின் கையில் இருப்பது அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். மேட்டுக்குடி லண்டன் உச்சரிப்பு. குரலில் தயக்கம் துளியும் கிடையாது.

வுல்ஃப் என்றதும் பலர் மனத்தில் எழும் சித்திரம் வேறு. அடிக்கடி நோயில் விழுந்தவர், தனியறையில் அடைந்து கிடந்து எழுதியவர், 1941 மார்ச்சில் ஊஸ் ஆற்றில் உயிரை விட்டவர். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். பெண்களின் நிலை பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய நூல்களும், அதாவது ‘தனக்கென ஓர் அறை’, ‘மூன்று கினிகள்’ (கினி என்பது பழைய ஆங்கிலேய நாணயம்) இரண்டுமே, பெண்கள் கூடியிருந்த அவைகளில் எழுந்து நின்று பேசியதிலிருந்து கிளைத்தவை. எந்த மேடையில் ஏறினார், எந்த மேடைக்கு மாட்டேன் என்றார் என்று பார்த்துக்கொண்டே வந்தால் அவருடைய பெண்ணியம் தெளிவாகப் புலப்படும். இன்று அதைத்தான் பேச நினைக்கிறேன்.

1882இல் லண்டனில் பிறந்தவர். தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் பெரிய அறிஞர், பிரிட்டிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். சகோதரர்கள் கேம்பிரிட்ஜுக்குப் போனார்கள். வர்ஜீனியா பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. தந்தையின் நூலகம் திறந்திருந்தது. கிரேக்கம் கற்பிக்க ஆசிரியைகள் வந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மகளிர் பிரிவில் சில பாடங்கள் படித்தார். பட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. ஆறாமல் இருந்ததுதான் நல்லது என்பேன், ஏனென்றால் பிற்காலத்தில் அவர் எழுப்பிய கேள்விகளெல்லாம் அங்கிருந்து வந்தவை.

1904இல் தந்தை இறந்த பிறகு பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினார். 1905 முதல் சில ஆண்டுகள் மார்லி கல்லூரியில் வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாலை வகுப்பு எடுத்தார். 1910இல் கிரேக்க ஆசிரியை ஜேனட் கேஸின் தூண்டுதலில் வாக்குரிமை இயக்கத்துக்காக உறைகளில் முகவரி எழுதும் வேலை செய்தார். 1912இல் லெனர்ட் வுல்ஃபை மணந்தார். லெனர்ட் இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சிப் பணியில் இருந்தவர். 1905இல் முதலில் பணியாற்றப் போன ஊர் யாழ்ப்பாணம். 1917இல் கணவனும் மனைவியும் வீட்டிலேயே ஒரு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார்கள். இதன் பயன் பெரியது. 1922 முதல் அவருடைய நாவல்கள் சொந்த அச்சகத்திலேயே வந்தன, அவற்றில் எந்தப் பதிப்பாசிரியருக்காகவும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இனி 1928க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலையில்தான் பிரிட்டனில் 21 வயது நிரம்பிய எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை கிடைத்தது. அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு மகளிர் கல்லூரிகளின் அழைப்பை ஏற்று வுல்ஃப் பேசப் போனார். 20ஆம் தேதி நியூனம் கல்லூரியில் பேசினார், 26ஆம் தேதி கேர்ட்டன் கல்லூரியில். பெண்களும் புனைகதையும் என்பது தலைப்பு. அந்தக் கல்லூரிகளில் படித்த பெண்கள் தேர்வு எழுதலாம், பெயரளவில் பட்டமும் வாங்கலாம். பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினராக முடியாது. அந்த உரிமை 1948இல்தான் வந்தது. அதாவது அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

இலக்கிய நயம் எடுத்துரைக்க வந்தவர் என்றுதான் மாணவிகள் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ பணத்தைப் பற்றிப் பேசினார். புனைகதை எழுத வேண்டுமானால் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் பூட்டிக்கொள்ளத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்றார். இரண்டு பேச்சுகளையும் விரித்து எழுதியதுதான் 1929 அக்டோபரில் வந்த ‘தனக்கென ஓர் அறை’. அதில் பல்கலைக்கழகப் புல்தரையில் கால் வைத்த பெண்ணைக் காவலர் ஓடிவந்து விரட்டுகிறார். நூலகத்துக்குப் போனால், கல்லூரி ஆசிரியர் யாராவது கூட வர வேண்டும் அல்லது அறிமுகக் கடிதம் வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்துகிறார்கள். ஆண்கள் கல்லூரியில் மதிய விருந்து: மீன், கவுதாரி, ஒயின். பெண்கள் கல்லூரியில் இரவுச் சாப்பாடு: நீர்த்த சூப், மாட்டிறைச்சி, உலர்பழம், தண்ணீர். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கிறார். பதில் நம் அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் இருக்கிறது. அவர்கள் பிள்ளை பெற்றார்கள், வளர்த்தார்கள். பணம் சேர்த்துக் கல்லூரிக்கு எழுதிவைக்க அவர்களிடம் பணமே இருந்ததில்லை. 1870இல் சட்டம் திருந்தும் வரை, மணமான பெண் சம்பாதித்த காசும் கணவனின் சொத்து.

ஷேக்ஸ்பியருக்கு ஜூடித் என்றொரு தங்கை இருந்திருந்தால், அவளும் அதே திறமையோடு பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று அவர் கற்பனை செய்யும் பகுதி பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நூலின் இன்னோர் இடம். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, இங்கே ஆண்கள் யாரும் இல்லையே, அந்தத் திரைக்குப் பின்னால் சர் சார்ட்ரஸ் பைரன் ஒளிந்திருக்கவில்லையே என்று கேட்கிறார். யார் இந்த பைரன்? கேர்ட்டன் பேச்சுக்கு இரண்டு வாரம் கழித்து, 1928 நவம்பர் 9 அன்று, ராட்கிளிஃப் ஹால் எழுதிய நாவல் ஒன்றின் மீது லண்டனில் ஆபாச வழக்கு நடந்தது. பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றிய நாவல். சாட்சி சொல்ல வந்திருந்த எழுத்தாளர்களில் வுல்ஃபும் இருந்தார். மாஜிஸ்ட்ரேட் பைரன் அவர்களைப் பேசவே விடாமல் புத்தகத்தை அழிக்க உத்தரவிட்டார். நீதிமன்றத்தில் திறக்க விடாத வாயை வுல்ஃப் தன் நூலில் திறந்தார். பைரன் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு அவர் சொல்லும் அடுத்த வாக்கியம், குளோயிக்கு ஒலிவியாவைப் பிடித்திருந்தது என்பது. இலக்கியத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்திருப்பது இப்போதுதான் நிகழ்கிறது என்கிறார். மேடையில் நின்று பேசத் தெரிந்தவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

இந்த நூலில் இந்திய வாசகர் ஒருவர் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. கதைசொல்லிக்கு அந்த ஆண்டு வருமானமான 500 பவுண்டு எங்கிருந்து வருகிறது? பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை எழுதிவைத்தது. பம்பாயில் ஓர் ஆங்கிலேய அத்தையிடம் அவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது என்று நூல் கேட்பதில்லை. வுல்ஃபின் சொந்தத் தாயார் பிறந்ததும் கல்கத்தாவில்தான். மாணவிகளின் சூப் கிண்ணம் வரை கணக்குப் பார்த்தவர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அவருடைய அறையைப் பெருக்கி, சமைத்துப் போட்டவர் நெல்லி பாக்ஸல். 1916 முதல் 1934 வரை வீட்டுப் பணியாளராக இருந்தார். இருவருக்கும் ஓயாத சச்சரவு, அதை நாட்குறிப்பில் வுல்ஃபே எழுதிவைத்திருக்கிறார். 1974இல் அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், அடிமையாக வாழ்ந்த கவிஞர் ஃபிலிஸ் வீட்லியைச் சுட்டிக்காட்டி, தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத பெண்ணுக்கு அறையும் பணமும் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதனால் வுல்ஃபின் வாதம் விழுந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவர் போட்ட கணக்கை இன்னும் பலருக்கும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவரிடம் இந்த உணர்வு அறவே இல்லாமலும் இல்லை. 1913இல் நியூகாசிலில் நடந்த கூட்டுறவு மகளிர் சங்க மாநாட்டுக்குப் போயிருந்தார். 1931இல் அந்தத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளுக்கு முன்னுரையாக ஒரு கடிதம் எழுதினார். சலவைத் தொட்டி முன்னால் நின்றறியாத தன் உடம்பு அவர்கள் மீது கொள்ளும் பரிவு கற்பனையானதே என்று அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அதே 1931, ஜனவரி 21. லண்டனில் வேலைக்குப் போகும் பெண்களின் சங்கம் ஒன்றில் பேசினார். இசையமைப்பாளர் எதல் ஸ்மித்தும் அன்று பேசினார். வுல்ஃப் தன் முதல் கட்டுரைக்குக் கிடைத்த பணத்தில் பாரசீகப் பூனை வாங்கியதைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு, பிறகு ஒரு கொலையைப் பற்றிச் சொன்னார். விக்டோரியா காலக் கவிதை ஒன்று புகழ்ந்த ‘வீட்டுத் தேவதை’: கோழி சமைத்தால் காலை மட்டும் எடுத்துக்கொள்பவள், காற்று வீசும் இடமென்றால் அங்கே தான் உட்கார்ந்துகொள்பவள், தனக்கென்று ஒரு கருத்தும் இல்லாதவள். ஆண் எழுதிய புத்தகத்துக்கு மதிப்புரை எழுத உட்காரும்போதெல்லாம் அவள் வந்து காதோரம், இதமாக எழுது, புகழ்ந்து எழுது என்பாள். அவள் கழுத்தைப் பிடித்தேன், கொன்றேன், கொல்லாவிட்டால் அவள் என் எழுத்தின் உயிரை எடுத்திருப்பாள் என்றார். அந்தத் தேவதைக்குத் தமிழ்நாட்டில் என்ன பெயர் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பேச்சுக்கு முதல் நாள் குளித்துக்கொண்டிருக்கும்போதே புதிய புத்தகம் ஒன்று முழுதாக மனத்தில் உருவானது என்று நாட்குறிப்பில் எழுதினார். கட்டுரையும் நாவலும் மாறி மாறி வரும் ஒரே நூலாக அதை எழுத முயன்றார். அது சரிவராமல் இரண்டாகப் பிரிந்தது. நாவல் பகுதி 1937இல் ‘ஆண்டுகள்’ ஆயிற்று, கட்டுரைப் பகுதி 1938 ஜூனில் ‘மூன்று கினிகள்’ ஆயிற்று.

இடைப்பட்ட இந்த ஆண்டுகளில்தான் மறுப்புகளும் வந்தன. 1932இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, கிளார்க் சொற்பொழிவுகளை ஆற்ற அழைத்தது. 1883இல் அந்த வரிசையைத் தொடங்கிவைத்தவர் அவருடைய தந்தை. படிக்கவே அனுப்பப்படாத மகளுக்கு இப்படியோர் அழைப்பு! மகிழ்ந்தார், அப்பா இருந்திருந்தால் பூரித்திருப்பார் என்று நாட்குறிப்பில் எழுதினார், அழைப்பை மறுத்தார். 1933இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் கொடுக்க முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தை மறுத்தார். 1935இல் அரசு விருதொன்றையும் மறுத்தார். அதே ஆண்டு லண்டன் நூலகத்தில் நண்பரும் நாவலாசிரியருமான இ. எம். ஃபார்ஸ்டர், நூலகச் செயற்குழுவில் பெண்களைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்ததாகவும் பெண்கள் சரிப்பட மாட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார். வுல்ஃபுக்குக் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தது. 1940இல் அதே குழுவில் சேர அதே நண்பர் அழைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதைச் சிலர் வீம்பு என்பார்கள். ‘மூன்று கினிகள்’ படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போரைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்ட ஒருவருக்குப் பதில் கடிதமாக எழுதப்பட்ட நூல் அது. அவருடைய அக்கா மகன் ஜூலியன் பெல் 1937 ஜூலையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டிருந்தார். நூலில் ஐந்து புகைப்படங்கள் உண்டு: தளபதி, நீதிபதி, பேராயர், பல்கலைக்கழக ஊர்வலம் என்று அங்கியும் பதக்கமும் அணிந்த ஆண்கள். வீட்டில் மகளை அடக்கும் கைதான் வெளியே சர்வாதிகாரியின் கையாகிறது என்பது அவருடைய வாதம். அந்த ஊர்வலத்தில் நாமும் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டுமா, சேர்ந்தால் எந்த நிபந்தனையோடு என்று பெண்களைக் கேட்கிறார். இதை எழுதியவர் கையில் பட்டச்சுருள் எப்படி இருக்க முடியும்? நூலைப் பல நண்பர்களே விரும்பவில்லை. மேட்டுக்குடிப் பெண்ணின் புலம்பல் என்று விமர்சகர் க்யூ. டி. லீவிஸ் சாடினார். வுல்ஃப் இறந்த ஆண்டில் கேம்பிரிட்ஜில் நினைவுரை ஆற்றிய ஃபார்ஸ்டர்கூட அவருடைய பெண்ணியத்தை ஒரு குறையாகத்தான் சொன்னார். என்னைக் கேட்டால் அவருடைய ஆகத் துணிச்சலான நூல் இதுதான். முதல் நூலின் நகைச்சுவை இதில் குறைவு, அடிக்குறிப்புகள் மிகுதி, வாசிக்கப் பொறுமை வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாட்டேன் என்றவர், போர் தொடங்கிய பிறகு 1940 ஏப்ரலில் பிரைட்டன் நகரத்துத் தொழிலாளர் கல்விச் சங்கம் அழைத்ததும் போனார். அந்த ஜூலையில் தான் குடியிருந்த ராட்மெல் கிராமத்தின் மாதர் சங்கத்திலும் பேசினார். பிரைட்டனில், ஆங்கில எழுத்தாளர்களில் ஏறக்குறைய எல்லாரும் செலவு மிகுந்த பள்ளிகளில் படித்த நடுத்தர வர்க்கத்து ஆண்களாகவே இருந்ததைப் பேசினார். எதிரில் இருந்த தொழிலாளர்களையும் தன்னையும் ‘நாம்’ என்று சேர்த்துக்கொண்டார். நாம் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்றார். ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்ற பலகையைக் கண்டால் உடனே நுழைந்துவிடு என்று, நெடுந்தூரம் நடப்பதில் பேர்போன விக்டோரியா காலப் பெரியவர் ஒருவர் அறிவுரை சொன்னதை நினைவூட்டினார். பெயர் சொல்லவில்லை, அது அவருடைய தந்தைதான். இலக்கியம் யாருடைய தனி நிலமும் அல்ல, பொது நிலம், அஞ்சாமல் நுழையுங்கள் என்றார். பொது நூலகத்தில் புத்தகம் கடன் வாங்குங்கள், எல்லாவற்றையும் படியுங்கள், நல்லது எது கெட்டது எது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள், எழுதவும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.