பாட்டியின் ஜெபத்தில் ஏழு பெயர்கள்

அன்பானவர்களே, சற்றுமுன் வாசிக்கக் கேட்ட 2 தீமோத்தேயு முதல் அதிகாரத்தில், ஐந்தாம் வசனம் நமக்கெல்லாம் பழக்கமானது. பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டியை ஞாபகப்படுத்துகிறார். லோவிசாள் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற சொல் வருவது இந்த ஒரே இடத்தில்தான். லோவிசாள் பிரசங்கம் பண்ணியதாகவோ அற்புதம் செய்ததாகவோ ஒரு வரி கிடையாது. மாயமற்ற விசுவாசம் அவருக்குள் நிலைத்திருந்தது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

மாயமற்ற என்றால் வேஷமில்லாத. வெளியே எத்தனை பேரை ஏமாற்றினாலும் கூடவே இருக்கும் பேரப்பிள்ளையை ஏமாற்ற முடியாது. ஆலயத்தில் நாம் பாடுவதைச் சபை கேட்கும். வலி பொறுக்காத ராத்திரியில் நாம் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைப் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை கேட்கும்.

தீமோத்தேயுவின் வீடு அப்படியொன்றும் சுலபமான வீடு இல்லை. தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. தீமோத்தேயு நற்பெயர் பெற்றிருந்த லீஸ்திரா ஊரில்தான் பவுலைக் கல்லெறிந்து, செத்துப்போனார் என்று நினைத்து வெளியே இழுத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட சூழலில்தான் அவன் சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்தவனாக வளர்ந்தான்.

என் பாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் தெரியாது. சாயங்காலம் ஆனால் என்னைக் கூப்பிட்டு வேதத்தை வாசிக்கச் சொல்வார். ஒருநாள் 103ஆம் சங்கீதம். விளையாடப் போகிற அவசரத்தில் இரண்டு வசனங்களைத் தாண்டிவிட்டேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறதுன்னு வருமே கண்ணு, அதை ஏன் விட்டுட்டே? அதை வாசிச்சாத்தான் அடுத்தது புரியும்" என்றார். திரும்ப வாசித்தேன். அடுத்து வந்தது, கர்த்தருடைய கிருபை அவருக்குப் பயந்தவர்கள்மேலும், அவருடைய நீதி அவர்கள் பிள்ளைகளுடைய பிள்ளைகள்மேலும் உள்ளது என்ற வசனம். பிள்ளைகளுடைய பிள்ளைகள் என்றால் நான்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும்.

அப்புறம் ஜெபம். ஏழு பெயர்கள், தினமும் அதே வரிசையில். மூன்றாவது என் மாமா பெயர். விசுவாசத்தையும் வீட்டையும் விட்டுப் போனவர். அவரைப் பற்றி பாட்டி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெயர் வரும்போது மட்டும் குரல் ஒரு நொடி நிற்கும்.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பேசிலும் ஒரு பாட்டியின் கையில் வளர்ந்தவர்தான். அந்தப் பாட்டி மக்ரினா, கிறிஸ்தவர்களுக்கு உபத்திரவம் வந்த காலத்தில் கணவரோடு பொந்து என்ற நாட்டின் காடுகளில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்து வாழ்ந்தவர். தாயிடமும் பாட்டியிடமும் சின்ன வயதில் பெற்ற அறிவுதான் தனக்குள் வளர்ந்தது, அதைத் தான் மாற்றிக்கொள்ளவே இல்லை என்று பேசில் பிற்பாடு எழுதினார். வளர்ந்தது என்கிறார், பாருங்கள். வாங்கினதை அப்படியே மூடி வைத்திருக்கவில்லை.

இங்கேதான் ஆறாம் வசனத்துக்கு வர வேண்டும். பாட்டியைச் சொன்ன கையோடு பவுல், உனக்குள் இருக்கிற தேவவரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடு என்கிறார். நெருப்பை லோவிசாள் வைத்துவிட்டுப் போனார். ஊத வேண்டியவன் தீமோத்தேயு. ஊதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியாயாதிபதிகள் 2:10 இருக்கிறது. யோசுவா காலத்து ஜனங்கள் போனதும், கர்த்தரை அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று. ஒரே ஒரு தலைமுறைதான் இடைவெளி! எனக்கு அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் பயமாக இருக்கும்.

பாட்டி இறந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமா பெயரை இன்றைக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. எழுந்து முழங்கால்படியிட்டேன். என் பெயரையும் சேர்த்து ஏழு பெயர்கள், அதே வரிசையில். மாமா இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று ராத்திரியும் மூன்றாவதாக அவர் பெயரைத்தான் சொன்னேன்.