எத்தனை ஏபி எடுத்தால் போதும்?

வணக்கம். இன்றைக்கு நான்கு கேள்விகள் எடுத்து வைத்திருந்தேன். மூன்றை ஒதுக்கிவிட்டேன். இரண்டு நாளாக இந்த ஒரு கடிதம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். படிக்கிறேன்.

"ஐயா, என் மகன் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் பன்னிரண்டு ஏபி எடுத்திருக்கிறாள். என் மகனுக்கு வேர்ல்ட் ஹிஸ்டரி, பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ், மூன்றும் ஏபியாகவே போட்டுவிடலாமா? மொத்தத்தில் எத்தனை ஏபி எடுத்தால் போதும்?"

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு இந்தக் கேள்வியில் பிடித்தது 'போதும்' என்ற சொல். வழக்கமாக 'எத்தனை எடுக்க வேண்டும்' என்றுதான் கேட்பார்கள். 'போதும்' என்று கேட்கிறவருக்கு எங்கேயோ ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடம். ஏபி என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரி முதல் வருடத் தரத்தில் ஒரு பாடம். காலேஜ் போர்டு நடத்துகிறது. மே மாதம் தேர்வு, ஜூலையில் மதிப்பெண், 1 முதல் 5 வரை. பெரும்பாலான கல்லூரிகள் 3, 4 அல்லது 5 வாங்கினால் கிரெடிட் தரும், அதாவது கல்லூரியில் அந்தப் பாடத்தை முடித்ததாகவே கணக்கில் வைக்கும், சில தராது. நாற்பது பாடங்கள் அளவுக்கு இருக்கின்றன. தேர்வுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் சுமார் நூறு டாலர். இவ்வளவுதான். ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, அதைப் பற்றிய பேச்சில் மீதியைச் சொல்லியிருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

'அட்வான்ஸ்டு' என்ற சொல்லைப் பார்த்துத்தான் நாம் மயங்குகிறோம். எனக்கு முக்கியம் அடுத்த சொல், 'பிளேஸ்மென்ட்'. எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதுதான் அதன் பொருள். இது பரிசுக் கோப்பை கிடையாது, உட்காரும் இடம். பழைய நேயர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. 'ஆரம்பிச்சிட்டாருடா' என்கிறீர்கள். ஆமாம், மறுபடியும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம் கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்று மூன்று பள்ளிகள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று மூன்று பல்கலைக்கழகங்கள். ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசியபோது தெரிந்த விஷயம் இதுதான்: நன்றாகப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள், பள்ளியில் படித்ததையே கல்லூரி முதல் வருடத்தில் திரும்பவும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நேரம் வீணாகிறது, ஆர்வமும் போகிறது. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஏபி. 1956 மே மாதம் காலேஜ் போர்டு நடத்திய முதல் தேர்வை எழுதியவர்கள் நாடு முழுக்க 1,229 பேர், 104 பள்ளிகளிலிருந்து. இன்றைக்கு ஒரே ஒரு கவுன்டியில் அதைவிட அதிகம் பேர் எழுதுவார்கள்.

அதாவது ஒரே சோற்றை இரண்டு தடவை பொங்க வேண்டாம் என்பதற்காக வந்த ஏற்பாடு. அப்படியிருக்க, 'எத்தனை' என்று எண்ணிக்கொண்டிருப்பது எதற்கு? 'எதை இவன் இரண்டாவது தடவை உட்கார்ந்து படிக்கத் தேவையில்லை' என்பதல்லவா கேள்வி?

சரி, தத்துவம் போதும் ஐயா, படிவத்துக்கு வாருங்கள் என்கிறீர்கள். வருகிறேன்.

நீங்கள் கலிஃபோர்னியா என்பதால் யூசி கணக்கு, அதாவது அந்த மாநிலத்தின் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா கணக்கு. யூசி பெர்க்லி, யூசி சான் டியகோ என்று அந்தப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துக்குப் போடுகிற ஜிபிஏவில் ஒன்பதாம் வகுப்பு கிரேடு சேராது. ஒன்பதாவது முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரைதான் கணக்கு. அதில் ஏபி பாடத்துக்கு ஒரு பாயின்ட் கூடுதலாகக் கிடைக்கும், கிரேடு குறைந்தது 'சி' (C) இருந்தால். ஆனால் அந்தக் கூடுதல் பாயின்ட் மொத்தம் எட்டு செமஸ்டருக்குத்தான். பத்தாம் வகுப்பில் நான்கு செமஸ்டருக்கு மேல் கிடையாது. ஒரு வருடப் பாடம் என்றால் இரண்டு செமஸ்டர். கூட்டிப் பாருங்கள். பத்தாவதில் இரண்டு ஏபி, மொத்தத்தில் நான்கு. அதற்கு மேல் எடுத்தால் இந்த ஜிபிஏவில் ஒரு புள்ளி கூட ஏறாது. நீங்கள் டிக் போட நினைக்கிற மூன்றில் ஒன்று, இந்தக் கணக்கைப் பொறுத்தவரை, சும்மா.

உடனே 'அப்படியென்றால் நான்கு போதும் என்று சார் சொல்லிவிட்டார்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் பாடப் பட்டியலையும் பார்ப்பார்கள். உங்கள் பள்ளியில் என்னென்ன இருந்தது, அதில் இவன் என்ன எடுத்தான் என்று பார்ப்பார்கள். ஆறு ஏபி இருக்கிற பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையையும் இருபத்தைந்து இருக்கிற பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். தெருவில் இருக்கிற அந்தப் பெண்ணோடு ஒப்பிடுவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.

இன்னொன்று, பலருக்கும் தெரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதுகிற ஏபி தேர்வு மே மாதம். எந்தக் கல்லூரி என்று பிள்ளை சொல்ல வேண்டிய வழக்கமான கடைசி நாள் மே 1. அதனால் அந்த மதிப்பெண் அட்மிஷனுக்கு உதவாது. கிரெடிட்டுக்கு மட்டும்தான். அந்தக் கிரெடிட்டும் இடத்துக்கு இடம் மாறும். யூசியில் 3 வாங்கினாலே கிரெடிட் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் அரசுக் கல்லூரிகள் 3க்குக் கிரெடிட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கால்டெக்கில் 5 வாங்கினாலும் கிரெடிட் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் பரவாயில்லை.

என் வீட்டுக் கதை ஒன்று. என் மகளை நான்தான் வற்புறுத்தி ஏபி கெமிஸ்ட்ரியில் சேர்த்தேன். அவளுக்கு அதில் இஷ்டமே இல்லை. பதினொன்றாவதில் எழுதி 4 வாங்கினாள். நான் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். கல்லூரியில் முதல் வருட கெமிஸ்ட்ரியைத் தாண்டி நேராக அடுத்த கட்டமான ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் போய் உட்கார்ந்தாள். பணம் மிச்சம் என்று எனக்கு மகிழ்ச்சி. அக்டோபரில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு போன். "அப்பா, இங்கே எல்லாரும் போன வருடம்தான் இதைப் படித்திருக்கிறார்கள். நான் படித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை." அந்த செமஸ்டரை அவள் தள்ளிக்கொண்டு வந்தது எங்களுக்குத்தான் தெரியும். கிரெடிட் இருந்தாலும் முதல் வகுப்பிலேயே உட்காருகிறேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. வாங்கியதை விடக்கூடாது என்று சொன்னது நான். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள், பொங்கலுக்குப் பொங்கல்.

அப்படியென்றால் உண்மையாகவே 'தாண்டலாம்' என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் கம்யூனிட்டி காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அதனால் கணக்கிலேயே சொல்கிறேன். கால்குலஸ் ஏபி தேர்வில் 45 சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், 6 எழுதி விளக்கும் கேள்விகள், மொத்தம் மூன்றேகால் மணி நேரம். அந்த ஆறில் அடிக்கடி ஒரு வகை வரும். தொட்டிக்குள் தண்ணீர் மணிக்கு இத்தனை காலன் என்று ஒரு வேகத்தில் விழுகிறது, அந்த வேகம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. பூஜ்யத்திலிருந்து ஆறு வரை இன்டக்ரல் (தொகையீடு) கண்டுபிடி என்பார்கள். 42 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் கேட்பார்கள்: இந்த எண்ணுக்கு இங்கே என்ன பொருள்? அலகோடு எழுது.

ட்யூஷனில் நூறு கணக்கு போட்ட பையன் ஒருவன் என்னிடம் வந்தான். 42 என்பதை முப்பது வினாடியில் போட்டுவிட்டான். பொருள் கேட்டேன். "ஏரியா அண்டர் த கர்வ்" என்றான். சரிதான் தம்பி, ஆனால் தொட்டியில் என்ன நடந்தது என்றேன். முழித்தான். பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து... ஒரு நிமிடம் போயிருக்கும். அப்புறம் தானாகவே, தண்ணீரைப் பார்ப்பது போல மேசையைப் பார்த்துக்கொண்டே, "முதல் ஆறு மணி நேரத்தில் தொட்டிக்குள் மொத்தம் 42 காலன் தண்ணீர் விழுந்திருக்கிறது" என்றான். சொல்லிவிட்டு, "ஓ, அவ்வளவுதானா?" என்று சிரித்தான். அந்த 'ஓ' வந்த பிறகு அவன் அந்தப் பாடத்தை இன்னொரு தடவை படிக்கத் தேவையில்லை. அது வராமல் 5 வாங்கவும் முடியும், ஏனென்றால் 5 என்பது நூற்றுக்கு நூறு இல்லை, கால்குலஸில் அதைவிட நிறையக் குறைவாக எடுத்தாலே 5 கிடைத்துவிடும்.

ஹைமே எஸ்கலான்டே கதை நான் சொல்லாத வருடமே கிடையாது. இந்த வருடத்துக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். பொலிவியாவிலிருந்து வந்தவர். அங்கே வாத்தியார், இங்கே வந்து காபி ஷாப்பில் தரை துடைத்தார். மறுபடியும் படித்துப் பட்டம் வாங்கி, 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. 1982இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏபி கால்குலஸ் பாஸ் செய்தார்கள். அதில் 14 பேர் மீது சந்தேகம் வந்தது. ஒரே மாதிரி தப்பு செய்திருக்கிறீர்கள், திரும்ப எழுதுங்கள் என்றார்கள். 12 பேர் திரும்ப எழுதினார்கள். 12 பேரும் பாஸ்.

எல்லாரும் அந்த இரண்டாவது தேர்வைத்தான் சொல்லுவார்கள், கைதட்டல் அங்கேதான் கிடைக்கும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருடங்கள். 1974இல் சேர்ந்தவர் முதல் கால்குலஸ் வகுப்பு எடுத்தது 1978இல்தான், அதுவும் ஐந்தே ஐந்து பிள்ளைகளோடு. அது வரைக்கும் கீழ் வகுப்புக் கணக்கு. அடித்தளம், அடித்தளம், அடித்தளம். அவரிடம் போய் யாராவது 'எத்தனை ஏபி சார்' என்று கேட்டிருந்தால், பின்னம் கூட்டத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் கடிதத்துக்கு வருகிறேன் அம்மா. அந்தக் கடைசி வரியை இப்போது படிக்கிறேன்: "அவன் படிக்க உட்கார்ந்தால் கூட போனில் பழைய காலத்து மேப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான், என்ன செய்வதென்று தெரியவில்லை."

நீங்கள் இதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்தின் முதல் வரியாக இது இருந்திருக்க வேண்டும். 'பழைய மேப் பார்க்கிற பையனுக்கு எந்தப் பாடம்?' என்று கேட்டிருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கவே மாட்டேன். ஏபி வேர்ல்ட் ஹிஸ்டரி கிட்டத்தட்ட 1200ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. மங்கோலியர், பட்டுப்பாதை, இந்தியப் பெருங்கடல் வாணிபம், நம்முடைய சோழமண்டலக் கடற்கரைப் பக்கமெல்லாம் வரும். தேர்வில் ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அதை வைத்து ஒரு வாதத்தை எழுதச் சொல்வார்கள். அந்த ஆவணங்களில் மேப்பும் வரலாம். ஆவணத்தில் இருப்பதை அப்படியே திருப்பி எழுதினால் மதிப்பெண் ஏறாது, இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று யோசித்து எழுத வேண்டும். மேப்பை வெறித்துப் பார்க்கிற பையன் அதைச் செய்வான்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு: வேர்ல்ட் ஹிஸ்டரியில் டிக் போடுங்கள். பயாலஜியைச் சாதாரண வகுப்பாகவோ, இருந்தால் ஹானர்ஸாகவோ (சாதாரண வகுப்பைவிடக் கொஞ்சம் கடினமானது) போடுங்கள். பயாலஜி அவனுக்குப் பிடித்துப்போனால் பதினொன்றாவதில் ஏபி எடுக்கட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸை அவனிடமே கேளுங்கள். பிரின்சிபிள்ஸ் பாடத்தில் தேர்வுக்கு முன்னால் அவனே ஒரு புரோகிராம் எழுதித் தர வேண்டும், அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். 'சும்மா எடுக்கிறேன்' என்றால் வேண்டாம். நான் இதை எழுதுவேன் என்று ஏதாவது சொன்னால் போடுங்கள். தேர்வுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்ய நவம்பர் வரை நேரம் இருக்கிறது. பாடத்தை மாற்றுவதற்குப் பள்ளியில் ஒரு கடைசி நாள் வைத்திருப்பார்கள், அதைப் பாடத் தேர்வுக்கு வழிகாட்டுகிற பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே கேட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவன் பார்ப்பது எந்த மேப் என்று கேட்டு எழுத முடியுமா? எனக்கு அதுதான் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.