அம்மம்மா கண் கலங்கிய டைனோசர்

(மட்டக்களப்பு, படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவில் பேசியது)

பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, இந்த வெயிலில் வாவி கடந்து வந்திருக்கும் கோயில் வண்ணக்கர் ஐயா அவர்களே! உங்களை முதலில் விளிக்காததற்குப் பொறுத்தருள வேண்டும் ஐயா, பட்டியலை இப்படித்தான் என் கையில் தந்தார்கள். பெற்றோரே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நான் ஏறாத மேடையில்லை. இன்றைக்கு அதற்கு ஒரு டைனோசரையே சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறேன். பெயர் லீயெலினசோரா. சின்ன உடம்பு, தின்றது இலைதழை. பெயர், கண், வால் என்று மூன்று விசயம் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயர். அவுஸ்திரேலியாவின் தென்கரையில் டைனோசர் கோவ் என்றொரு கடலோரப் பாறை. ரொம் ரிச், பட்ரீசியா விக்கர்ஸ்-ரிச் என்ற கணவனும் மனைவியும் 1984 முதல் 10 வருடம் அதைக் குடைந்தார்கள். கூட நின்று பாறை உடைத்தவர்களில் பலர் தொண்டர்கள். அதாவது சிரமதானம்! கிடைத்த விலங்குக்கு 1989இல் தங்கள் மகள் லீயெலினின் பெயரை வைத்தார்கள். நாங்கள் மகளின் பெயரைத் தோணிக்கு வைப்போம், கடைக்கு வைப்போம்.

அடுத்தது கண். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் தென் துருவத்தை அண்டிக் கிடந்தது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழும்பாது. இருட்டில் பார்க்கத்தான் இவ்வளவு பெரிய கண் என்றார்கள். கிடைத்தது குட்டியின் மண்டையோடு, குட்டிக்குக் கண் பெரிதாகத்தானே இருக்கும் என்று வேறு சிலர் மடக்கினார்கள்.

1999இல் பிபிசி, ‘வோக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடரின் ஐந்தாம் பகுதியில் இதைக் கதாநாயகி ஆக்கியது. 2002, போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். லண்டன் மாமா அந்தக் கசற்றைக் கொண்டுவந்தார். வாடகை டெக், ஜெனரேற்றர், முற்றத்தில் பாய். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா எட்டிப் பார்த்து, “மனே, இது உடும்புதானே? கறிக்கு நல்லாயிருக்கும்” என்றார். சனமெல்லாம் சிரிப்பு. அப்புறம் கூட்டத்தின் தலைவியை வேட்டை டைனோசர் பிடித்தது. உரல் சத்தம் நின்றுவிட்டது. “இனிக் குஞ்சுகள ஆரு பாக்கிற?” மாமா பெரிய விளக்கம் சொன்னார்: கொம்பியூட்டரில் செய்தது, எலும்பில் குடும்பக் கதை எல்லாம் இராது, அது கற்பனை என்று. “உண்ட கொம்பியூட்டரக் கொண்டு வை” என்று சொல்லிவிட்டுப் படுத்த மனுசி, விடிய எழும்பியும் அதைத்தான் கேட்டார்.

சரி, எது எலும்பு, எது கற்பனை என்று தேட எங்கள் வாசிகசாலைக்கு ஓடினேன். டைனோசர் பற்றி ஒரு புத்தகம் இல்லை. இன்றும் இல்லை! இப்போது கூரையும் ஒழுகுகிறது. ஒரு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம். மூன்றுக்கும் “கிடைத்தது” என்று பதில் வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஊர் சிறுத்தால் மட்டும் புத்தகம் குறைய வேண்டுமா?

அதிபர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாசிகசாலைக் கூரைக்குச் சிரமதானம். ஓடு தருவதாக வண்ணக்கர் ஐயா சொல்லியிருக்கிறார். மேடையில் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற முடியாது. வால் மிச்சம் இருக்கிறது. அதை அங்கே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.