மடித்தவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ராணுவத்தில் இருந்தபோது பாராசூட்டில் குதித்தேன். சீருடையைக் கழற்றிய பிறகு, இந்த வயதில், விளையாட்டாகவும் குதித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி ஓர் எச்சரிக்கை கொடுத்து அனுப்பினாள்: "மடிப்பைப் பற்றித் தொடங்கிவிடாதீர்கள். தொடங்கினால் நிறுத்த மாட்டீர்கள்." சரி, பார்ப்போம்.

விளையாட்டாகப் பாராசூட்டில் குதிப்பதற்கு ஸ்கைடைவிங் என்று பெயர். அந்த மைதானத்தில் கடைசி விமானம் இறங்கிய பிறகுதான் பேச்சு சூடுபிடிக்கும். கொட்டகையில் ஆளுக்கொரு விரிப்பில் பாராசூட்டைப் பரப்பி, மடித்துக்கொண்டே பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் ராணுவத்திலிருந்து வந்தவர் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அவர் தரையிறங்கிய விதமே காட்டிக்கொடுத்திருக்கும். இன்றைய விளையாட்டுப் பாராசூட் வட்டக் குடை அல்ல. காற்று நிரம்பிய ஓர் இறக்கை. தரை நெருங்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் கீழே இழுத்தால் வேகம் தணியும். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து இறங்குவதுபோல் இறங்கி நிற்கலாம். எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். நாங்கள் சிலர் மட்டும் கால்களை ஒட்டவைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாக உருண்டு, புழுதியோடு எழுந்து நிற்போம். ராணுவத்தின் வட்டப் பாராசூட் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் ஆளைக் கீழே கொண்டுவந்து போடும். அதற்குப் பழகிய உடம்பு. இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் கணுக்கால் இரண்டும் இன்னும் முழுதாக இருக்கின்றன.

அப்படி அடையாளம் தெரிந்த பிறகு கேள்விகள் வரும். "எவ்வளவு உயரத்திலிருந்து குதிப்பீர்கள்?" ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று சொன்னால் அவர்களுக்கு முகம் மாறிவிடும். அவர்கள் குதிப்பது 13,000 அடி அளவிலிருந்து. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் வெறுமனே விழுந்து, பிறகுதான் பாராசூட்டைத் திறக்கிறார்கள். ஆயிரம் அடிக்கு வரும் நேரத்தில் அவர்களுக்கு எல்லாம் திறந்து முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது நல்ல நாள் அல்ல. நாங்களோ அந்த உயரத்தில்தான் கதவைத் தாண்டுகிறோம். காரணம் எளிது. காற்றில் தொங்கும் வீரன் கீழே இருப்பவனுக்கு நல்ல குறி. தொங்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

"அவ்வளவு தாழ்வில் எப்போது கயிற்றை இழுப்பீர்கள்?" இது அடுத்த கேள்வி. இழுப்பதே இல்லை. பம்பரம் விட்டிருப்பீர்கள். பம்பரம் பறந்து போகிறது, சாட்டை கையிலேயே நின்றுவிடுகிறது அல்லவா? அதே கதைதான். விமானத்துக்குள் நீளவாட்டில் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. நம் முதுகிலிருந்து வரும் பட்டையின் கொக்கியை அதில் மாட்டிக்கொள்கிறோம். நாம் விழுகிறோம், பட்டை விமானத்தோடு நிற்கிறது, போகிற போக்கில் அது பாராசூட்டை வெளியே இழுத்துவிடுகிறது. நான்கு எண்ணுவதற்குள் தலைக்கு மேலே குடை. வீரன் செய்ய வேண்டியது கதவைத் தாண்டுவது மட்டும்.

ஆகவேதான், ராணுவத்தில் குதித்தவர்கள் கூடிப் பேசும்போது குதித்ததைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எங்கள் கதைகளெல்லாம் பாரத்தைப் பற்றியவை. விமானத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றியவை. ஒருவன் வாந்தி எடுக்க, அந்த வாடையில் வரிசையாகப் பத்துப் பேர் எடுத்ததைப் பற்றியவை. இன்னும் எவ்வளவு நேரம் இந்தக் கூட்டில் கிடப்பது, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று ஆகிவிடும். வீரம் என்று வெளியே தெரிவதில் பாதி அந்த வாடையிலிருந்து தப்புகிற அவசரம். ஸ்கைடைவருக்குக் குதிப்பதுதான் காரியம். எங்களுக்கு அது வேலைக்குப் போகிற வண்டி. வேலை தரையில் இருந்தது.

இனி மடிப்பு. என் மனைவி மன்னிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு ஸ்கைடைவிங் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வானத்தில் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை கொட்டகையில்தான் காத்திருந்தது. என் வயதில் பாதி வயதுள்ள பயிற்சியாளப் பெண் ஒரு பாராசூட்டை என் முன்னால் போட்டு, "மடியுங்கள் சார்" என்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "ராணுவத்தில் சொல்லித் தரவில்லையா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, வரிசையில் நின்று வாங்கிக்கொள்வோம்" என்றேன்.

உண்மை அதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பையை நீட்டுவார், இந்தப் பக்கம் நான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். அத்தனை வருடமும் அப்படித்தான்.

அந்தத் துணி இருக்கிறதே, நைலான், பிடித்த மீன் கையில் நிற்காததுபோல் வழுக்கும். ஓரத்தை ஒழுங்குபடுத்தினால் நடுவில் உப்பும். நடுவை அமுக்கினால் ஓரம் நழுவும். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்காமல் ரப்பர் வளையங்களில் மாறி மாறிச் செருக வேண்டும். கைதேர்ந்தவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துச் சரி என்றாள். ஆனாலும் மறுநாள் காலை விமானத்தில் ஏறும்போது என் கை நடுங்கியது. இரவிலும் குதித்தவன் நான், முப்பது கிலோ பாரத்தோடு குதித்தவன். அப்போதெல்லாம் நடுங்காத கை. பிறர் மடித்ததில் வராத பயம் நானே மடித்ததில் வந்தது. அன்று குடை ஒரு பக்கம் சற்றுக் கோணலாகத் திறந்து, பிறகு சரியாகி, நல்லபடியாக இறங்கினேன். இறங்கியதும் தோன்றிய முதல் எண்ணம்: அத்தனை வருடமும் எனக்கு மடித்துக் கொடுத்தது யார்? ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன் என்றேனே, அது என் கையெழுத்து. அவர்களுடைய கையெழுத்தும் ஏதோ ஒரு அட்டையில் இருந்திருக்கும். நான் படித்ததில்லை.

பாராசூட்டை மடித்துப் பழுதுபார்ப்பவரை ரிக்கர் என்பார்கள். அமெரிக்கத் தரைப்படையில் அவர்களுக்குச் சிவப்புத் தொப்பி. அங்கே ஒரு கண்டிப்பான விதி: ரிக்கரும் குதிக்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும், தாம் மடித்தது எதுவானாலும், எடுத்துக் கொடுத்தால் அதை மாட்டிக்கொண்டு தாமே குதிக்கவும் சித்தமாக இருக்க வேண்டும். வேறெந்தத் தொழிலுக்காவது இப்படி ஒரு விதி இருந்தால் சொல்லுங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் மாற்றுப் பாராசூட் இல்லாமல் ஒன்றே ஒன்றோடு குதித்தார்கள். அவர்களுக்கு மடித்துக் கொடுத்தவர்களில் விமானப்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். போர்க் கதைகளில் குதித்தவர்களின் பெயர் இருக்கிறது. மேசையின் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். நாங்கள் ராணுவக் கதை அளந்துகொண்டிருப்போம், அவர் ஓரத்தில் உட்கார்ந்து பிறர் பாராசூட்டை மடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு பையன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் எத்தனை தடவை குதித்திருக்கிறீர்கள்?" கொஞ்சம்தான் என்றார். "எத்தனை மடித்திருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டேன். ஒரு நாளைக்கு இத்தனை, வருடத்துக்கு இத்தனை நாள், இத்தனை வருடம் என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார். பிறகு, "விமானம் போன பிறகு மைதானத்தைப் பார்க்க மாட்டேன். தொலைபேசி மணி அடிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். அவர் ராணுவத்தில் ரிக்கராக இருந்தார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் பிறகு அந்தக் கொட்டகையில் வீரக் கதைகளின் நீளம் குறைந்துவிட்டது. என்னுடையதும்தான்.

ஜோசப் கிட்டிங்கரைப் பற்றிச் சொல்லாமல் போனால் குதிப்பவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். அமெரிக்க விமானப்படை அதிகாரி. 1960 ஆகஸ்ட் 16 அன்று ஹீலியம் பலூனில் 31 கிலோமீட்டர் உயரம் போய், அங்கிருந்து குதித்தவர். மேலே போகும்போதே வலக்கைக் கையுறையில் காற்றழுத்தம் நிற்கவில்லை, கை வீங்கத் தொடங்கிவிட்டது. சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்று கீழே இருப்பவர்களிடம் சொல்லாமலேயே போனார். இதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிது. 1959 நவம்பரில், முதல் சோதனையில், நிலைப்படுத்தும் சிறு பாராசூட் முன்கூட்டியே வெளிவந்து, அதன் கயிறு அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டது. சுழன்று சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் அமைப்பு திறந்ததால் பிழைத்தார். அந்தப் பாராசூட்டை வடிவமைத்தவர் பிரான்சிஸ் போப்ரே. அடுத்த மாதமே கிட்டிங்கர் மறுபடியும் மேலே போனார். போப்ரேயின் பாராசூட்டோடுதான் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ்ஷைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். 1944 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து இருபது வயதில் குதித்தார். விமானத்தில் உடனிருந்த இருவரும் பிழைக்கவில்லை. 1997இல், 72 வயதில், தாமாக விரும்பி மறுபடியும் குதித்தார். 80இலும் 85இலும் 90இலும் பிறந்தநாளுக்கென்று குதித்தார். ஏன் என்று எங்கள் கொட்டகையில் யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

இரவுக் குதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், அதையாவது சொல்லிவிடுகிறேன். இருட்டில் தரை தெரியாது. அதைத் தேடவும் கூடாது, தேடினால் கால் தானாக நீண்டுவிடும். சாமான்கள் உள்ள சுமைப் பையை முன்கூட்டியே கயிற்றில் கீழே இறக்கிவிடுவோம். நாலரை மீட்டர் கீழே அது தொங்கிக்கொண்டு வரும். கால்களை ஒட்டவைத்து, மூச்சை விட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். முதலில் பை விழும், தொப்பென்று. அடுத்த நொடிக்குள் நாமும்.

வணக்கம்.