ஆச்சிக்கு தூங்க ஒரு கதவு வேணும்

அவைக்கு வணக்கம், நடுவர் ஐயாவுக்கு வணக்கம். பொங்கல் லீவுல குழந்தைகுட்டியோட வந்து உக்காந்திருக்கற நம்ம மும்பை தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் சொந்தங்களுக்கும், எனக்கு முன்னாடி பேசி முடிச்ச எதிரணி அண்ணாச்சிக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். வீடு இல்லாம தெருவுல கிடக்கறவங்களுக்கு வீடும், கூட இருந்து பாத்துக்க ஆளும் குடுக்கறது அரசாங்கத்தோட கடமையா, இல்ல நல்ல மனசுக்காரங்க கருணையே போதுமா. நான் கடமைன்னு பேச வந்திருக்கேன். அண்ணாச்சி மூணு விஷயம் சொன்னாரு. தர்மம் நம்ம ரத்தத்துலயே இருக்கு, தொண்டு நிறுவனங்க பாத்துக்கும்னாரு. ராத்திரி தங்க ஷெல்டர் ஏற்கெனவே இருக்கு, கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாங்கன்னாரு. சும்மா வீடு குடுத்தா மனுஷன் சோம்பேறி ஆயிடுவான், அது நம்ம வரிப்பணம்னாரு. எல்லாத்துக்கும் பதில் இருக்கு, ஆனா முதல்ல ஒரு மாத்திரை அட்டையைப் பத்தி சொல்லிடறேன்.

நான் மாட்டுங்கால ஒரு மெடிக்கல் ஷாப்புல பதினோரு வருஷமா வேலை பாக்கறேன். மார்க்கெட் பக்கம் ஒரு ஆச்சி இருக்காங்க, திருநெல்வேலி பக்கத்துக்காரங்க, பேரு சொல்ல வேணாம். ராத்திரி கடையெல்லாம் ஷட்டர் போட்டப்புறம் ஒரு படிக்கட்டுல போய் உக்காந்துக்குவாங்க. மனசு சரியில்லாதவங்க, தனியா பேசிக்கிட்டே இருப்பாங்க, சில நாள் நம்மள அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவதி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி சீட்டு எழுதி வாங்கி, எங்க கடையில தான் ஒரு மாசத்து மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க. மூணு வாரம் கழிச்சு ஆச்சி கடை வாசல்ல நின்னாங்க, இடுப்புல இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்தாங்க, ரப்பர் பேண்ட் ரெண்டு சுத்து சுத்தியிருந்தது. அதுக்குள்ள இடிச்சுப் போட்ட ஒரு சால், அதான் வரிசை ரூம் கட்டடம், அந்த அட்ரஸோட பழைய ரேஷன் கார்டு, நாலா மடிச்ச டாக்டர் சீட்டு, அப்புறம் அந்த மாத்திரை. முதல் அட்டையில மூணே மூணு குழி தான் காலி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு.

ஏன் ஆச்சி போடலன்னு கேட்டேன், கொஞ்சம் கோவமா தான் கேட்டேன். அவங்க சொன்னாங்க, "போட்டா தூக்கம் அடிச்சுப் போடுது தாயி, நான் தூங்கிட்டா என்னைய யாரு பாத்துக்கிடுவா?"

ஐயா, பதினோரு வருஷமா அந்த மாத்திரைய நான் எடுத்துக் குடுக்கறேன், அதுக்கு தூக்கம் வரும்னு எனக்குத் தெரியும், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் போடுங்கன்னு சொல்லி தான் குடுப்பேன். ராத்திரி பிளாட்பாரத்துல ஒரு பொம்பளை அசந்து தூங்க முடியாதுங்கறது அன்னைக்கு வரைக்கும் எனக்கு உறைக்கல. முன்னாடி ஒருவாட்டி தூங்கினப்ப செருப்பையும் போர்வையையும் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம், இன்னொருவாட்டி நடந்தத அவங்க சொல்லல, நானும் கேக்கல. ராத்திரி பூரா முழிச்சிருந்து, விடிஞ்சு பூக்காரங்க வந்து ஆள் நடமாட்டம் ஆனப்புறம் தான் கண்ணு மூடறாங்க. அந்த நோய்க்கு தூக்கம் ரொம்ப முக்கியம். அப்போ சொல்லுங்க, முதல்ல மாத்திரையா, முதல்ல கதவா?

இதைத் தான் நாங்க கேக்கறோம். மாத்திரை போட்டு குணமாகி, குடியை விட்டு, வேலை தேடிக்கிட்டு வா, அப்புறம் வீடு தரேன்னு சொல்றது தலைகீழ். முதல்ல உள்ள தாழ்ப்பாள் போட்டுக்க ஒரு கதவு குடு, கூடவே மாத்திரை போட்டாச்சான்னு கேக்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக, பேங்க்ல பென்ஷன் கணக்கு தொறந்து குடுக்க ஒரு ஆள் குடு. இது வாய்க்கு வந்தத சொல்றதில்ல. கனடால 2009-ல இருந்து 2013 வரைக்கும் அந்த அரசாங்கம் 11 கோடி டாலர் ஒதுக்கி அஞ்சு ஊர்ல ரெண்டாயிரம் பேருக்கு மேல வெச்சு சோதிச்சுப் பாத்தாங்க, எல்லாரும் மனநோயோட தெருவுல இருந்தவங்க. பாதி பேருக்கு முதல்லயே வீடும் துணையும், மீதி பேருக்கு அந்தந்த ஊர்ல வழக்கமா கிடைக்கறது மட்டும். கடைசி ஆறு மாசத்துல வீடு குடுத்தவங்கள்ல 62 சதவீதம் பேர் முழு நேரமும் வீட்டுலயே இருந்தாங்க, மத்தவங்கள்ல 31 சதவீதம் தான். சரிபாதி, ஐயா. பின்லாந்துல 2008-ல இதையே அரசாங்கத் திட்டமா ஆரம்பிச்சு கிட்டத்தட்ட எட்டாயிரம் பேரா இருந்த வீடில்லாதவங்க எண்ணிக்கைய 2022-ல நாலாயிரத்துக்குக் கீழ கொண்டு வந்துட்டாங்க.

ஷெல்டர் இருக்கேன்னு சொன்னாரு அண்ணாச்சி. வாங்க கணக்கு போடலாம். 2013-ல வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் போட்ட விதி என்னன்னா, ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேர் தங்கற மாதிரி நிரந்தர ஷெல்டர் வேணும், வருஷம் பூரா, 24 மணி நேரமும் தொறந்திருக்கணும், தலைக்கு 50 சதுர அடி. மும்பைல 2011 சென்சஸ்ல 1 கோடியே 24 லட்சம் பேரு. அப்போ 124 ஷெல்டர், 12,400 பேருக்கு இடம். அதே சென்சஸ்ல தெருவுல எண்ணினவங்க 57 ஆயிரத்துக்கும் மேல! விதிப்படி முழுசா கட்டினாலும் அஞ்சுல ஒருத்தருக்குத் தான் இடம், அந்த 124-ஐயும் இந்த ஊரு இன்னும் எட்டல. இதுல வர மாட்டேங்கறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? ஆச்சிய நானே ஒருநாள் ஒரு ஷெல்டருக்கு கூட்டிட்டுப் போனேன், ஆதார் கேட்டாங்க, இல்லன்னேன், மனசு சரியில்லாதவங்கள இங்க வெச்சுக்க முடியாது மத்தவங்களுக்கு தொந்தரவுன்னாங்க. அந்த வாட்ச்மேனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், ராத்திரி ஒத்தை ஆளா இருபது முப்பது பேர வெச்சுக்கிட்டு இருக்கற மனுஷன், அவருக்கு நர்ஸும் இல்ல கவுன்சிலரும் இல்ல. எலி வளையானாலும் தனி வளை வேணும்னு நம்ம பாட்டிங்க சொல்லல? ஹால்ல வரிசையா பாய் போட்டுக் குடுக்கறது அவசரத்துக்கு ஆகும், பொழப்புக்கு ஆகாது.

இப்போ கருணைக்கு வரேன். அண்ணாச்சி மும்பைக்குப் பக்கத்துல கர்ஜத்துல இருக்கற டாக்டர் பரத் வட்வானிய சொன்னாரு, 2018-ல மகசேசே விருது வாங்கினவரு. நானும் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு பையன் சாக்கடைத் தண்ணிய தேங்காய் சிரட்டையில மோந்து குடிக்கறத பாத்துட்டு அவரும் அவர் சம்சாரமும் ஆரம்பிச்ச வேலை அது, தெருவுல இருக்கற மனநோயாளிகள கூட்டிட்டு வந்து வைத்தியம் பாத்து எந்த மாநிலமா இருந்தாலும் சொந்த வீட்டுல கொண்டு போய் விடறாங்க. விட ஒரு வீடு இருக்கறவங்களுக்கு அது போதும். ஆச்சிக்கு ஊர்ல யாரும் இல்ல, இருக்கற தம்பி மகன் போன எடுக்கறதில்ல. அவங்கள எங்க கொண்டு போய் விடறது?

நம்ம சென்னையிலயே பதில் இருக்கு. 1993-ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் மனநோயோட தெருவுல கிடந்த பொம்பளைங்களுக்காக ஆரம்பிச்ச பேன்யன் அமைப்பு, வருஷக்கணக்கா காப்பகத்துக்குள்ளயே இருந்த பொம்பளைங்கள 2015-ல இருந்து சாதாரண தெருவுல வாடகை வீடு பிடிச்சு நாலஞ்சு பேரா குடிவெச்சாங்க, கூட ஒரு துணையாள். அவங்களே சமைக்கறாங்க, கடைக்குப் போறாங்க, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போறாங்க. அதே மாதிரி நம்ம மகாராஷ்டிரால ரத்னகிரிலயும் செஞ்சிருக்காங்க. இதை தொண்டு நிறுவனம் தானே செஞ்சுதுன்னு அண்ணாச்சி கேப்பாரு, கேக்கட்டும். வழிய காட்டினது அவங்க தான், நான் மறுக்கல. ஆனா அந்த வீட்டுக்கு மாசா மாசம் ஒண்ணாந்தேதி வாடகை குடுக்கணும், துணையாளுக்கு சம்பளம் குடுக்கணும், அது இந்த வருஷம் மட்டும் இல்ல, அந்த அம்மா சாகற வரைக்கும். நம்ம கருணை எப்போ வரும்? பொறந்தநாளைக்கு வரும், அமாவாசைக்கு வரும், மழை அடிச்சு டிவில காட்டினா வரும். ஒரே தெருவுல ஒரே நாள்ல மூணு பேர் பிரியாணி பொட்டலம் குடுத்துட்டுப் போறத நான் கண்ணால பாத்திருக்கேன், அடுத்த பத்து நாளைக்கு ஒருத்தரும் வரல. குடுத்தவங்க நல்லவங்க தான். ஆனா வாடகை பத்து நாள் காத்திருக்காது, நோயும் காத்திருக்காது, அதுக்கு பட்ஜெட்ல ஒரு ஒதுக்கீடு வேணும், இந்த வருஷம் இருந்து அடுத்த வருஷமும் இருக்கற ஒதுக்கீடு.

இது ஏதோ நாங்க ஆசைப்பட்டு கேக்கறதும் இல்ல. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 19-வது பிரிவு, குடும்பம் இல்ல, வீடு இல்லங்கற காரணத்துக்காக மட்டும் ஒரு மனுஷன ஆஸ்பத்திரிக்குள்ளயே வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுது, அவங்க வெளிய வந்து வாழ குழு இல்லங்கள அரசாங்கம் ஏற்படுத்தணும்னும் அதே பிரிவு சொல்லுது. சட்டமே போட்டுட்டு காச மட்டும் நன்கொடை உண்டியல்ல தேடுன்னா எப்படி?

வரிப்பணம்னு சொன்னீங்களே, வரிப்பணம் ஏற்கெனவே செலவாகிட்டுத் தான் இருக்கு. இந்த ஊர்லயே நம்மாளு ஒருத்தர் கதை சொல்றேன், சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புலயே இருக்கு. சேலத்துக்காரர், நிலம் இல்லாத கூலி, ஊர்ல பஞ்சம், 1961-ல பம்பாய் வந்தாரு. தகிசர்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில தினக்கூலி 23 ரூபா. பிளாட்பாரத்துல பிளாஸ்டிக் ஷீட்டு போட்ட ஒரு கூரைக்கு ஒரு தாதா அவர்ட்ட 2,500 ரூபா பிடுங்கிட்டான். 1981 ஜூலைல முதலமைச்சர் அந்துலே பிளாட்பாரவாசிகள எல்லாம் அவங்கவங்க ஊருக்கு அனுப்புங்கன்னு உத்தரவு போட்டாரு. கொட்டற மழையில கூரைய பிச்சு எறிஞ்சு, குடும்பத்தோட பஸ்ஸுல ஏத்தி சேலத்துக்கு அனுப்பிட்டாங்க. என்ன ஆச்சு? பொண்டாட்டி பிள்ளைங்கள ஊர்ல விட்டுட்டு அவரு திரும்ப பம்பாய் வந்து திரும்ப ஒரு பிளாட்பாரத்துலயே படுத்தாரு! அவரும் சேர்ந்து போட்ட அந்த வழக்குல தான் 1985-ல அஞ்சு ஜட்ஜ், பொழைக்கற உரிமையும் உயிர் வாழற உரிமைக்குள்ள அடக்கம்னு சொன்னாங்க. அந்த பஸ்ஸுக்கு டீசல் யார் காசு? இடிச்ச ஆளுக்கு சம்பளம் யார் காசு?

இன்னைக்கும் 1959 பிச்சை தடுப்புச் சட்டம் இங்க இருக்கு. பிடிச்சா மூணு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம், மறுபடி மறுபடி மாட்டினா பத்து வருஷம் வரைக்கும். டெல்லி ஹைகோர்ட்டு 2018-ல அங்க இதோட முக்கியமான பிரிவுகள செல்லாதுன்னு தள்ளிடுச்சு, இங்க இன்னும் இருக்கு, செம்பூர்ல அதுக்குன்னே இல்லம் இருக்கு. பத்து வருஷம் ஒருத்தர பூட்டி வெச்சு சோறு போட காசு இருக்குன்னா, சாவிய அவங்க கையில குடுத்து ஒரு ரூம் குடுக்க காசு இல்லாமயா போகும்? மும்பை மாநகராட்சி 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபா. கோவா மாநிலத்துக்கே பட்ஜெட் அவ்வளவு கிடையாது.

இலவசமா எஸ்ஆர்ஏ, அதான் குடிசை மறுவாழ்வுத் திட்ட வீடு தராங்களே, அதுல வாங்கிக்கட்டும்னு பின்வரிசையில ஒரு அண்ணன் சொன்னது காதுல விழுந்தது. அண்ணே, எஸ்ஆர்ஏ குடிசை இருக்கறவங்களுக்கு. இன்ன தேதிக்கு முன்னாடி இந்த குடிசையில நான் இருந்தேன்னு பேப்பர் காட்டணும். படிக்கட்டுல உக்காந்திருக்கற ஆச்சி எந்தப் பேப்பர காட்டுவாங்க? இருக்கறதுலயே அடிமட்டத்துல இருக்கறவங்க மட்டும் எந்தத் திட்டத்துலயும் சிக்காம ஒழுகிப் போயிடறாங்க.

கடைசியா அந்த சோம்பேறி பேச்சு. எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. இதே ஊர்ல கோலார் தங்கவயல்ல இருந்து தச்சுவேலை தேடி சின்ன வயசுல வந்து, வீடு இல்லாம வெளிய படுத்துக் கிடந்த ஒரு தமிழ்ப் பையன் தான் ஜோக்கின் அற்புதம். மான்குர்த் ஜனதா காலனிய 1976-ல இடிச்சு எழுபதாயிரம் பேர சீட்டா கேம்ப்புக்குத் தூக்கிப் போட்டப்ப அதை எதிர்த்து முன்னால நின்னவரு, 2000-த்துல மகசேசே விருது வாங்கினவரு. தலைக்கு மேல ஒரு கூரை கிடைச்சா மனுஷன் என்ன செய்வான்னு சீட்டா கேம்ப்ல போய்ப் பாருங்க. இங்க உக்காந்திருக்கற உங்கள்ல எத்தனை பேரோட அப்பா தாத்தா முதல் ராத்திரி எங்க படுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். எங்க அப்பா தாதர் ஸ்டேஷன்ல படுத்தாரு, பதினேழு நாள். யாரோ ஒரு மாமா தாராவியில பத்துக்குப் பத்துல இடம் குடுத்தாரு, அதனால தான் இன்னைக்கு நான் மைக் முன்னாடி நிக்கறேன். எல்லாருக்கும் அந்த மாமா கிடைக்க மாட்டாரு ஐயா. கிடைக்காதவங்களுக்குத் தான் அரசாங்கம் வேணுங்கறேன்.

மணி எட்டே முக்கால் ஆச்சு, பெல் அடிச்சுட்டாங்க. நீங்க தீர்ப்பு சொல்லி, பொங்கல் வாங்கி சாப்பிட்டு, நாம கிளம்ப பத்து மணி ஆகும். மாட்டுங்கா மார்க்கெட் வழியா போறவங்க மூணாவது ஷட்டர் படிக்கட்ட பாருங்க. ஆச்சி முழிச்சுக்கிட்டு தான் இருப்பாங்க.

நன்றி, வணக்கம்.