பிழிஞ்சா கண்ணீர்தான் வரும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய துணியும் காகிதமும் வீடு கட்ட உதவுமா? உதவும்னு பேச வந்திருக்கேன். எதிரணி நண்பர் சொன்னார்: "பழைய பனியனைச் சுவரில் பூசினா, மழைக்கு அப்புறம் சுவரைப் பிழிஞ்சு கொடியில காயப் போடணும்." நீங்களும் கைதட்டினீங்க. அந்தச் சுவரையே இப்போ பிழிஞ்சு பார்ப்போமா?

ஐயா, பனியனை முழுசா யாரும் பூசுறதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கணும். நீளமா விட்டா உருண்டை கட்டும், கொத்தனார் கரணையில சுத்திக்கும். ஒரு பங்கு களிமண், இரண்டரை பங்கு மணல், மிதிச்சுக் குழைச்ச பிறகு அரைப் பங்கு இந்தத் துணி நாரை உதிர்த்துத் தூவணும். களிமண் காய்ஞ்சா சுருங்கும். நார் இழுத்துப் பிடிக்கும். பெரிய வெடிப்பு விழ வேண்டிய இடத்தில மயிரிழைக் கீறலோட போயிடும். மண்ணுக்கு மண் குணம் மாறும், அதனால முதல்ல ஒரு சதுர அடியில பூசிப் பாருங்க. பருத்தி, சணல் சாக்கு, தேங்காய் நார் எல்லாம் சரி. பாலியஸ்டர் வேண்டாம். ஒரு நூலைக் கொளுத்துங்க: சாம்பலானா பருத்தி, உருகி மணியானா பாலியஸ்டர்.

ஒருத்தர் இருந்தார். பழைய செய்தித்தாளை ஊறவெச்சு அரைச்சு, கொஞ்சம் சிமென்ட் போட்டு, சுவர் கட்டக் கல் அறுத்தார். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா கல் சின்னதாயிடுச்சு. "எலி தின்னுடுச்சு!" பூனை வாங்கினார். மறுபடி அறுத்தார். மறுபடி சின்னதாச்சு. பூனை மேல சந்தேகம், நாய் வாங்கினார்! கல் வளரலை, வீட்டுல வாய்தான் வளர்ந்தது. மனுஷன் மணலும் சேர்க்கலை, கூழை அழுத்தித் தண்ணியும் வடிக்கலை. காகிதக் கூழ் காய்ஞ்சா சுருங்கத்தான் செய்யும். நல்லாக் காய்ஞ்ச பிறகு கட்டினா போதும். நாய்க்கு என்ன வேலை?

மழை? நார் நனைஞ்சுக்கிட்டே இருந்தா அழுகும், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் சுவருக்கு அடியில கல்லுல பீடம், மேல சுவரைத் தாண்டி நீட்டின இறவாரம். மண்சுவருக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு. சிமென்ட் பூசினா உள்ளே புகுந்த ஈரம் வெளியே வராது, சுவர் அங்கேயே புழுங்கும்.

ஐயா, அம்மாவோட பருத்திச் சேலை. கிழிஞ்சா கரித்துணி, அதுவும் கிழிஞ்சா குப்பைத்தொட்டி. அவ்வளவுதானா அவளுக்கு மரியாதை? நறுக்கிப் பூசினா, பேரப்பிள்ளை சாய்ஞ்சு தூங்குற சுவருக்குள்ள அவ இருப்பா! அதைப் பிழியச் சொல்றாரே நண்பர், பிழிஞ்சா தண்ணி வராது ஐயா, கண்ணீர்தான் வரும்!

மணி அடிச்சுட்டீங்க. பூச்சியும் தீயும் அண்டாம இருக்கக் காகிதக் கூழுல போராக்ஸ், அதாவது வெண்காரம், கலக்கணும்னு சொல்ல வந்தேன், சொல்லிட்டேன். நன்றி, வணக்கம்.